மென்பொருள் மாற்றிய டிவி பெட்டியும் மாடியிலிருந்து இறங்கும் லான் கம்பியும்

2023 அக்டோபர் 6, வெள்ளி, இரவு 11.50

அடித்துச் சொல்கிறேன்: ஆண்ட்ராய்டு டிவி பெட்டியை ஃபிளாஷ் செய்தால், அதாவது உள்ளே இருக்கும் மென்பொருளை அழித்து வேறொன்றை எழுதினால், லான் (கம்பிவழி நெட்வொர்க்) போய்விடும். நான்கு ஆண்டுகளாகக் கம்பியில் குறையில்லாமல் ஓடிய பெட்டி இது. இன்று மாலை ஆண்ட்ராய்டைத் துடைத்துவிட்டு, கோடி (படமும் பாட்டும் ஓட்டும் செயலி) மட்டும் ஓடும் சிறு லினக்ஸை உள்நினைவகத்தில் ஏற்றினேன். படம் வருகிறது, ஒலி வருகிறது, ரிமோட் சொன்னபடி கேட்கிறது. நெட்வொர்க் மட்டும் இல்லை. வைஃபை பட்டியல் காலி. அதைப் பற்றிக் கவலை இல்லை, இந்தப் பெட்டிக்கு நான் வைஃபை வைத்ததே இல்லை. கம்பியும் காலி என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

அக்டோபர் 7, சனி, காலை 6.30

விவரம் கேட்டவர்களுக்கு. அம்லாஜிக் எஸ்912 சில்லு, 2 ஜிபி நினைவகம், 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர். பெட்டியின் அட்டையில் ‘1000 மெகாபிட் லான்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. எந்த லினக்ஸ் என்று ஈரோட்டு அன்பர் கேட்டார். ஓபன்எலெக்கிலிருந்து 2016-இல் லிப்ரெஎலெக் பிரிந்தது, அதிலிருந்து 2018-இல் கோர்எலெக் தனிக்குடித்தனம் போனது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எது என்று சொன்னால் இங்கே பங்காளிச் சண்டை தொடங்கிவிடும்.

வீட்டு அமைப்பு: ஃபைபர் மாடியில் என் அறைக்கு வருகிறது. ரவுட்டரும், படங்கள் சேமித்திருக்கும் பழைய கணினியும் அங்கேதான். டிவி கீழே கூடத்தில். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 22 மீட்டர் கேட்-5இ ரக லான் கம்பி, சுவருக்குள் மின்சார வயர் போகும் அதே பிளாஸ்டிக் குழாயில் இறங்குகிறது. நெட்வொர்க் ஸ்விட்ச் எதுவும் நடுவில் இல்லை.

கம்பி நன்றாக இருக்கிறதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நன்றாக இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அதில்தான் அம்மா பாட்டுக் கேட்கிறார். சமையலறையில் மைக்ரோவேவ் ஓடினால் மட்டும் படம் ஐந்தாறு நொடி நின்று போகும். அது எங்கள் தெருவின் மின்னழுத்தக் கோளாறு, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

அக்டோபர் 7, இரவு 10.15

கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் பதிவேட்டைப் பார்க்கச் சொன்ன சேலம் நண்பருக்கு நன்றி. ஈத்0 என்ற லான் இடைமுகம் இருக்கிறது. ஆனால் அதை எழுப்பப் போனால் ‘பிஹெச்ஒய்யுடன் சேர முடியவில்லை, பிழை -19’ என்கிறது. லினக்ஸில் -19 என்றால் அப்படியொரு சாதனமே இல்லை என்று பொருள்.

பிஹெச்ஒய் என்பது கம்பியில் போகும் மின்துடிப்பை எண்களாகவும், எண்களைத் துடிப்பாகவும் மாற்றும் பகுதி. எஸ்912 பெட்டிகளில் இது இரண்டு விதமாக இருக்கும். சில்லுக்குள்ளேயே இருக்கும் 100 மெகாபிட் பிஹெச்ஒய் ஒன்று. வெளியே தனிச் சில்லாக ஒட்டிய கிகாபிட் பிஹெச்ஒய் மற்றொன்று. உங்கள் பெட்டியில் எது என்று லினக்ஸுக்குத் தானாகத் தெரியாது. டிவைஸ் ட்ரீ என்ற கோப்பு சொன்னால்தான் தெரியும். மாதிரிப் பலகைகளில் க்யூ200 வெளிச் சில்லு, க்யூ201 உட்சில்லு. நான் அட்டையில் எழுதியிருந்த 1000-ஐ நம்பி க்யூ200-க்கான கோப்பைக் கொடுத்திருந்தேன்.

பெட்டியைத் திறந்தேன். ரப்பர் கால்களைப் பிய்த்தால் அடியில் நான்கு திருகாணி. லான் ஜாக்கின் பின்னால் கறுப்பு டிரான்ஸ்ஃபார்மர் கட்டி மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் முதன்மைச் சில்லுக்கும் இடையில் சதுரமாக ஒரு குட்டிச் சில்லு இருக்க வேண்டும். அந்த இடம் வெட்டவெளி. பச்சைப் பலகையில் அதற்கான ஈயப் புள்ளிகள் வரிசையாக மின்னுகின்றன, சில்லைத்தான் காணோம். அட்டையில் அச்சடித்த கிகாபிட், பலகைக்கு வந்து சேரவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு, காலை 9.00

தீர்ந்தது! அமைப்புக் கோப்பில் ஒரே வரி. க்யூ200-ஐ எடுத்துவிட்டு க்யூ201. மறுதொடக்கம் செய்ததும் ஈத்0 எழுந்தது, 100 மெகாபிட், முழு இருவழி (இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்). ரவுட்டரிடமிருந்து முகவரியும் வந்துவிட்டது.

முதல் குறிப்பில் நான் அடித்துச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஃபிளாஷ் செய்ததால் போகவில்லை, தப்பான மரத்தை நட்டதால் போனது. எல்லோருக்கும் நன்றி.

அக்டோபர் 8, இரவு 9.40

தீரவில்லை.

அக்டோபர் 9, திங்கள், இரவு 11.00

நேற்று எரிச்சலில் ஒற்றைச் சொல்லோடு போய்விட்டேன், மன்னிக்கவும். நடந்தது இது. அம்மா சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் பாட்டு பல்லவியோடு நின்றது. சரணம் வருவதற்குள் சுழல் வட்டம். பிறகு கொஞ்சம் ஓடியது, மறுபடி நின்றது. அம்மா எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய ரேடியோவை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் சுட்டது.

பதிவேட்டில் ‘இணைப்பு மேலே, இணைப்பு கீழே’ என்று ஊஞ்சல் ஆடுகிறது. கெர்னல் இதற்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஈத்0-வின் அடைவில் கேரியர்_சேஞ்சஸ் என்ற கோப்பில், இணைப்பு எத்தனை முறை நிலை மாறியது என்ற எண் இருக்கும். இரண்டு மணி நேரத்தில் 418. ஈத்டூல் என்ற கட்டளை காட்டும் புள்ளிவிவரத்தில் பெறும் பக்கத்தில் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த தரவின் கணக்கு) மளமளவென ஏறுகிறது. அனுப்பும் பக்கம் பொறுத்தவரை புகார் இல்லை.

என் ஊகம்: டிரைவர், அதாவது லான் சில்லை இயக்கும் மென்பொருள். இந்த உட்சில்லு பிஹெச்ஒய்யைப் பற்றி லினக்ஸ் டிரைவரிலேயே ஒரு தனிச் சடங்கு இருக்கிறது. எதிர்முனை தன்னால் என்ன வேகம் முடியும் என்று சொல்வதை இது சில நேரம் பிறழ்வாகப் படித்துவிடும். அதனால், படித்தது சிதைந்திருக்கிறதா என்று சோதித்து, சிதைந்திருந்தால் பேச்சுவார்த்தையை முதலிலிருந்து தொடங்கும் வரிகளைச் சேர்த்திருக்கிறார்கள். நோய் இருப்பது தெரிந்துதான் மருந்து வைத்திருக்கிறார்கள். மருந்து எனக்கு வேலை செய்யவில்லை போலும்.

அக்டோபர் 10, செவ்வாய்

அடாப்டரை மாற்றிப் பார்க்கச் சொன்னவருக்கு: மாற்றினேன். மல்டிமீட்டரில் படம் ஓடும்போதே 4.9 வோல்ட் நிற்கிறது. அது இல்லை.

அக்டோபர் 11, புதன், இரவு 10.30

ஒரு விநோதம். வேகத்தைக் கட்டாயமாக 10 மெகாபிட்டுக்கு இறக்கினேன், தானியங்கிப் பேச்சுவார்த்தையை அணைத்துவிட்டு. ஊஞ்சல் நின்றுவிட்டது! ஒரு மணி நேரமாக இணைப்பு ஒருமுறைகூட விழவில்லை. ஆனால் கோப்பு நகர்வதைப் பார்த்தால் 10 மெகாபிட்கூட வரவில்லை, 2-க்கும் 3-க்கும் நடுவில் முனகுகிறது. பாட்டு மட்டும் ஓடும், படம் ஓடாது.

டிரைவர்தான் என்று இன்னும் உறுதியாகிறது. வேகமாகப் போனால் தடுக்கி விழுகிறது, மெதுவாகப் போனால் நொண்டுகிறது.

அக்டோபர் 12, வியாழன், காலை 7.10

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவர் காதைத் திருகிவிட்டார். நியாயம்தான், முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு முனையில் பேச்சுவார்த்தையை அணைத்து ‘10, முழு இருவழி’ என்று ஆணியடித்தால், மறுமுனையில் ரவுட்டர் பேச ஆள் இல்லாமல் துடிப்பை வைத்து வேகத்தை மட்டும் கண்டுபிடிக்கும். முழு இருவழியா அரை இருவழியா என்று தெரியாததால், விதிப்படி அரை இருவழி (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசலாம்) என்று எடுத்துக்கொள்ளும். அதாவது பெட்டி எப்போது வேண்டுமானாலும் பேசும். ரவுட்டரோ, தான் பேசும்போது எதிரில் குரல் கேட்டால் மோதல் என்று வாயை மூடிக்கொள்ளும். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதுபோல் ஆகிவிடும். 2 மெகாபிட் முனகலுக்கு அதுதான் காரணம்.

சரியான முறை பேச்சுவார்த்தையை விட்டுவைத்து, ‘எனக்கு 10 மட்டும்தான் முடியும்’ என்று பெட்டியைச் சொல்ல வைப்பது. ஈத்டூலில் அட்வர்டைஸ் என்று போட்டு 0x002 கொடுக்க வேண்டும் (அந்தப் பெருக்கல் குறி போன்றது சிறிய எக்ஸ்). கொடுத்தேன். 9 மெகாபிட்டுக்கு மேல் சீராக வருகிறது, பிழை எண்ணிக்கை அசையவில்லை.

நொண்டியது என் கைவேலை என்று ஆகிவிட்டது. தடுக்கி விழுவதற்கு மட்டும் இன்னும் காரணம் தெரியவில்லை.

அக்டோபர் 14, சனி, மாலை 5.20

இன்று பெரிய வேலை. பெட்டியையே சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். பழைய ஆண்ட்ராய்டை மீண்டும் எழுதிவிட்டு, அதில் லான் ஓடுகிறதா பார்ப்பது என்று முடிவு.

செய்தவர்களுக்குத் தெரியும், இது பல்குத்தி வேலை. ஏவி (ஒலி-ஒளி) துளைக்குள் ஆழத்தில் ஒரு பொத்தான் ஒளிந்திருக்கும். பல்குத்தியால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே, இரண்டு பக்கமும் ஆண் முனை உள்ள யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைக்க வேண்டும். அழுத்தும்போது ‘க்ளிக்’ என்று விரலுக்கு மட்டும் கேட்கும். மூன்று பல்குத்தி உடைந்தது, நான்காவதில் கணினி பெட்டியை அடையாளம் கண்டது. அந்தப் பலகைக்கே உரிய கோப்பு கையில் இல்லாதவர்கள் இதில் இறங்காதீர்கள். வேறு பலகையின் கோப்பை எழுதினால் பெட்டி காகிதம் பறக்காமல் இருக்க வைக்கும் கல்லாகிவிடும்.

ஆண்ட்ராய்டு எழுந்தது. மொழி கேட்டது, நேரம் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, எல்லாம் கொடுத்தேன். லான் கம்பியைச் சொருகினேன். முழு எச்டி படம் ஒன்றரை மணி நேரம் தடையில்லாமல் ஓடியது.

ஆகவே கம்பி நல்லது. பெட்டி நல்லது. லினக்ஸ்தான் குற்றவாளி. வேறு தீர்ப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அக்டோபர் 15, ஞாயிறு

கம்பியைச் சோதிக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்கிற மூவர் அணிக்காக: என் மைத்துனர் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் தொழிலில் இருக்கிறார். அவரிடமிருந்து டெஸ்டர் வாங்கிவந்தேன். மாடியில் ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை விளக்கு வரிசையாகப் பச்சையில் எரிந்தது. எதிர்முனையிலும் அதே வரிசை. எட்டும் எட்டும்.

மூவர் அணி இனி வாபஸ் வாங்கலாம்.

அக்டோபர் 17, செவ்வாய், இரவு 11.45

தலை சுற்றுகிறது.

லினக்ஸைத் திரும்ப ஏற்றினேன், இந்த முறை முதலிலேயே க்யூ201. கீழே சொருகினால் பழைய ஊஞ்சல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். கணினித் திரையில் எச்டிஎம்ஐ சொருகி, ரவுட்டரோடு வந்த ஒரு மீட்டர் கம்பியால் நேராக இணைத்தேன். அதே பெட்டி, அதே லினக்ஸ், அதே டிரைவர், ரவுட்டரில் அதே துளை. ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் நிரலை வைத்து அளந்தால் போகும் திசையில் 94 மெகாபிட், வரும் திசையில் 94 மெகாபிட். 100 மெகாபிட் இணைப்பில் தரவோடு போகும் முகவரித் தலைப்புகளின் செலவு போக மிஞ்சக்கூடியது அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் சிஆர்சி பிழை பூச்சியம். கேரியர்_சேஞ்சஸ் 2, அதுவும் சொருகியபோது வந்தது.

அப்படியென்றால் டிரைவர் நல்லவன். அவனை ஒரு வாரமாகத் திட்டியதற்கு மன்னிப்பு.

ஆனால் குற்றம் கம்பியில் என்றால், டெஸ்டர் ஏன் பச்சை காட்டியது? ஆண்ட்ராய்டில் படம் எப்படி ஓடியது? மூன்று சாட்சிகள், ஒருவர் பொய் சொல்கிறார்.

அக்டோபர் 18, புதன், இரவு 10.50

வேறொன்றை நோண்டப்போய் இது கிடைத்தது, எழுதி வைக்கிறேன்.

மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் பெட்டியின் ஐபி முகவரி மாறுகிறது. ரவுட்டரில் இந்தப் பெட்டிக்கென்று நிலையான முகவரி நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒதுக்கி வைத்திருந்தேன், அது பிடிக்கவில்லை. பார்த்தால், லானின் மேக் முகவரி (நெட்வொர்க் சில்லின் அடையாளம், ஆறு இணை எழுத்துகளாக எழுதுவது) ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது. பலகையில் எரித்து வைத்த முகவரி கிடைக்காதபோது கெர்னல் தானே ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுக்கும். அடையாளம் எளிது. முதல் இணையின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால், அது தொழிற்சாலையில் பதிந்த முகவரி இல்லை.

இதற்கு வைத்தியம் ஒரு வரி. தொடக்க ஸ்கிரிப்டில் ஈத்0-வை இறக்கி, முகவரியை எழுதி, மறுபடி ஏற்றினால் போதும். எழுதுவதற்காகப் பழைய முகவரியை ரவுட்டரின் ஒதுக்கீட்டுப் பட்டியலிலிருந்து எடுக்கப் போனேன். அதன் முதல் மூன்று இணை யாருடையது என்று தேடினால் ஒரு வைஃபை சில்லு தயாரிப்பாளரின் பெயர் வருகிறது.

லான் முகவரியில் வைஃபை நிறுவனத்துக்கு என்ன வேலை? தூக்கம் வருகிறது. காலையில் பார்க்கிறேன்.

அக்டோபர் 19, வியாழன், காலை 5.40

தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை நான் எழுதியதை நானே திரும்பப் படித்தேன். ‘கடவுச்சொல் கேட்டது, எல்லாம் கொடுத்தேன்.’ எந்தக் கடவுச்சொல்? ஆண்ட்ராய்டின் முதல் அமைப்பில் அது கேட்பது வைஃபை கடவுச்சொல். கை பழக்கத்தில் அடித்துவிட்டு, அப்புறம் கம்பியைச் சொருகி, கம்பியில் ஓடுவதாகத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை மட்டும் நடந்த பிழையாக இருந்தால் பரவாயில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பெட்டி வாங்கிய அன்றும் இதையேதான் செய்திருக்கிறேன். ரவுட்டரில் நான் ஒதுக்கியது வைஃபை சில்லின் முகவரி. அந்தப் பெட்டி இந்த வீட்டில் ஒரு நாள்கூடக் கம்பியில் ஒழுங்காக ஓடியதில்லை. கம்பி பின்னால் சொருகியிருந்தது, நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆண்ட்ராய்டு அவ்வப்போது கம்பிக்கு மாற முயன்று, இணைப்பு விழுந்ததும் வைஃபைக்குத் திரும்பியிருக்கும். லினக்ஸில் இந்த வைஃபை சில்லுக்கு டிரைவர் இல்லை. ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் கம்பி முதல்முறையாக வெளியே வந்து நின்றது.

மைக்ரோவேவ்! அது 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, பழைய வைஃபையும் அதே அலைவரிசையில். பால் சூடாகும்போது படம் நின்றதற்கு மின்சார வாரியத்தில் இரண்டு முறை புகார் எழுதியிருக்கிறேன். ஒருமுறை ஆள் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய முகம் நினைவுக்கு வருகிறது.

அக்டோபர் 19, காலை 8.00

‘நான் வைஃபை வைத்ததே இல்லை’ என்ற என் முதல் குறிப்பின் வரியை எடுத்துப் போட்டுச் சிரிக்கும் அனைவருக்கும்: சிரித்துக்கொள்ளுங்கள். அழிக்க மாட்டேன், இருக்கட்டும்.

அக்டோபர் 21, சனி, பகல் 12.30

மிச்சமிருப்பது டெஸ்டர். எட்டும் எட்டும் பச்சை காட்டிய கம்பி எப்படி விழும்?

கீழ் முனையை ஜாக்கிலிருந்து உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. பிளக்கின் தெளிந்த பிளாஸ்டிக்குக்குள் எட்டு நிறமும் இடமிருந்து வலமாக, தங்க ஊசி மேலே பார்க்க: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஜோடி ஜோடியாக, பள்ளிக்கூட வரிசைபோல் அழகாக. மாடி முனையிலும் அதே அழகு. வீடு கட்டியபோது மின்சார வேலை செய்தவரே இதையும் இழுத்து பிளக் அடித்தார். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிகிற வரிசையில் அடித்திருக்கிறார்.

அழகுதான் கெடுத்தது. 10, 100 மெகாபிட் லானில் நான்கு ஊசிகளுக்குத்தான் வேலை. 1-ம் 2-ம் ஒரு திசை, 3-ம் 6-ம் மறு திசை. ஒவ்வொரு திசையின் இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடியாக இருந்தே ஆக வேண்டும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கில் இருக்கும் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும். எதிர்முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். அதற்காகத்தான் தரப்படி 3-ல் வெள்ளை-பச்சையும் 6-ல் பச்சையும் வருகின்றன. நீல ஜோடி நடுவில் 4, 5-ல் புகுந்துகொள்கிறது. முதல்முறை பார்ப்பவருக்குக் குழப்படி வரிசையாகத் தெரியும்.

என் கம்பியில் 3-ல் வெள்ளை-பச்சை, 6-ல் நீலம். வேறு வேறு ஜோடியிலிருந்து ஆளுக்கு ஒருவர். வெள்ளை-பச்சையின் துணை 4-ல் வேலையில்லாமல் நிற்கிறது, நீலத்தின் துணை 5-ல் வேலையில்லாமல் நிற்கிறது. ஜாதகம் மாற்றிக் கட்டிவைத்த கல்யாணம். 22 மீட்டர் நெடுக, மின்சார வயரை உரசிக்கொண்டு. ஆங்கிலத்தில் இதற்கு ஸ்பிளிட் பேர் என்று பெயர் இருக்கிறதாம், மைத்துனர் தொலைபேசியில் சொன்னார். ‘முதலிலேயே சொல்லியிருக்கலாமே’ என்றேன். ‘நீங்கள் டெஸ்டர்தானே கேட்டீர்கள்’ என்றார்.

டெஸ்டர் பொய் சொல்லவில்லை. 1-ல் விட்ட மின்சாரம் 1-ல் வருகிறதா என்று மட்டும்தான் அது கேட்கிறது. யாரோடு யார் முறுக்கியிருக்கிறார் என்று அது கேட்பதே இல்லை. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி தப்பாக அடித்திருந்தால் அதற்குப் பச்சைதான்.

இப்போது எல்லாம் பொருந்துகிறது. வேகத்தைப் பற்றிய பேச்சுவார்த்தை மெல்லிய துடிப்புகளில் நடப்பது, அது இந்தக் கம்பியிலும் போய்ச் சேரும். இரண்டு பக்கமும் ‘100 ஓடலாம்’ என்று கைகுலுக்கிக்கொள்ளும். ஓடத் தொடங்கியதும் விழும். பிறகு மறுபடி கைகுலுக்கல். 10-ல் துடிப்பு மெதுவானது, தாங்கிக்கொண்டது. பிழை பெறும் பக்கத்தில் மட்டும் ஏறியதும் அதனால்தான், 1-2 ஜோடி தற்செயலாக உண்மையான ஜோடி.

அக்டோபர் 22, ஞாயிறு, மாலை 6.15

மாடி முனையில் நான், கீழ் முனையில் மைத்துனர். பழைய பிளக்குகளை வெட்டி எறிந்துவிட்டு டி568பி என்ற தர வரிசையில் அடித்தோம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை பிளக்கின் வாய்வரை பிரிக்காமல் கொண்டுபோக வேண்டும் என்றார் அவர். நான் அடித்த முதல் பிளக்கில் ஒன்றரை அங்குலம் பிரித்துவிட்டேன், வாங்கி வெட்டிப் போட்டார்.

கீழே, கூடத்தில், 22 மீட்டரின் முடிவில்: 94 மெகாபிட், இரு திசையும். சிஆர்சி பிழை 0. கேரியர்_சேஞ்சஸ் 2.

மைக்ரோவேவில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து மூன்று நிமிடம் ஓடவிட்டேன். படம் அசையவில்லை. அம்மா, எதற்காக வெறும் தண்ணீரைச் சூடாக்குகிறாய் என்று கேட்டார்.

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூஜை

ரவுட்டருக்கும் பெட்டிக்கும் பிளக் அடிக்கும் கிரிம்பிங் டூலுக்கும் சந்தனம், குங்குமம் ஆயிற்று. உடைந்த பல்குத்திகளுக்கு வைக்கவில்லை.

21-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம். பெட்டி 3-6-ல்தான் பெறுகிறது என்பதுபோல் எழுதிவிட்டேன். இப்போதைய பிஹெச்ஒய்கள் எந்த ஜோடியில் அனுப்புவது, எதில் பெறுவது என்பதைத் தாமே மாற்றிக்கொள்ளும். என் பெட்டி அன்று எந்தப் பக்கம் நின்றது என்பதைப் பிழை எண்ணிக்கையை வைத்துத்தான் ஊகித்தேன். உங்கள் வீட்டில் பிழை ரவுட்டர் பக்கம் ஏறினால் குழம்ப வேண்டாம், கம்பியில் அதே நோயாக இருக்கலாம்.

கிகாபிட் இல்லாத பெட்டியில் 4கே ஓடுமா என்று கேட்டவருக்கு: சாதாரண ப்ளூ-ரே படங்களுக்கு 94 தாராளம். 4கே வட்டிலிருந்து சுருக்காமல் எடுத்த கோப்பு சில காட்சிகளில் 100-ஐத் தாண்டும், அங்கே நிற்கும். யுஎஸ்பி-யில் கிகாபிட் அடாப்டர் சொருகுவோரும் உண்டு. யுஎஸ்பி 2 துளையில் முழு ஆயிரம் வராது, ஆனால் நூறைத் தாண்டும். எனக்குத் தேவைப்படவில்லை. அம்மாவின் பாட்டுகள் எல்லாம் கறுப்பு வெள்ளை.

நவம்பர் 2, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. இடி இடித்தால் லான் கம்பியை இரண்டு முனையிலும் உருவிவிடுகிறேன். போன வருடம் பக்கத்து வீட்டில் ரவுட்டரின் நான்கு துளையும் ஒரே மின்னலில் போயிற்று. தினமும் உருவிச் சொருகுவதால் கேரியர்_சேஞ்சஸ் ஏறுகிறது. யாராவது கணக்குப் பார்த்து மறுபடி டிரைவர் மேல் பழிபோடாதீர்கள்.

வாசல் கேமராவுக்குப் போகும் கம்பியும் அதே மின்பணியாளர் அடித்ததுதான் என்று நேற்று இரவு படுத்தபிறகு நினைவுக்கு வந்தது. அது 30 மீட்டர். இரவில் அடிக்கடி படம் உறைந்து போகும். அதற்கும் மின்னழுத்தத்தைத்தான் காரணம் சொல்லிவந்தேன். பிளக் ஏணிக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. மழை விட்டதும் நிறங்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.